பதினான்கு பெசோ பாக்கி

பாய்சாந்தூவில் ஆகஸ்ட் என்றால் குளிர்.
ஆற்றுப் பனி கடைவாசல் வரை வந்து நின்றிருந்தது,
கடன் கேட்கத் தயங்கும் ஆள் போல.

நெலிதா பென்டன்கோர் உள்ளே வந்து
பணத்தை எண்ணி வைத்தாள்.
"என் கணக்கை முடித்துவிடு, சுல்மா."

பதினோரு வருடக் கணக்கு.
முதல் பக்கங்களில் கணவனின் சிகரெட்டும் சேர்த்தி.
மகன் சரகோசா போனதும் மாவு பாதியானது.
முட்டை ஆறு, பிறகு மூன்று.
மாத்தே இலை மட்டும் வாரம் ஒரு கிலோ, தப்பாது.
ஒற்றை ஆளுக்கு இவ்வளவா என்றால்
"ரேடியோவுக்கும் ஊற்ற வேண்டாமா?" என்பாள்.

ஜூனிலிருந்து இலை வாங்கவில்லை.
பார்த்தேன்.
விலை ஏறிவிட்டது, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.
ஜூலையில் கனாரிக் குருவி
மெக்கானிக் வீட்டுப் பிள்ளைகளுக்குப் போனது.
தையல் மெஷின் கிளாடிஸுக்கு.
எனக்கு ஒரு செம்புக் கெட்டில்.
என்ன தாராள மனசு என்றோம் தெருவில் எல்லோரும்.
செய்தி ஆளுக்கொரு துண்டாய் எங்கள் வீடுகளில் கிடந்தது,
யாரும் கோத்துப் பார்க்கவில்லை.

இன்று தலைவாரிப் பொட்டலம் போல முடிந்திருந்தாள்.
முகத்தில் ஒரு தெளிவு, காய்ச்சல் விட்டவள் போல.
அந்தத் தெளிவுதான் என் வயிற்றைக் கலக்கியது.

கூட்டினேன். மறுபடி கூட்டினேன்.
நான்தான் அவளுக்குப் பதினான்கு பெசோ தர வேண்டும்.
கல்லா நிறையச் சில்லறை.
"சில்லறை இல்லை, நெலிதா. கணக்கு முடியவில்லை."
"நீயே வைத்துக்கொள்."
"கடன்காரியாக நான் சாக மாட்டேன்."

வாய்தவறி வந்த சொல்.
இருவருக்கும் நடுவில் தராசு.
தட்டு காலியாக இருந்தும் முள் ஆடியது.
அவள் அதையே பார்த்தாள்.

மரியாதையான வாக்கியம் ஒன்றைத் தேடினேன்.
இதற்கு அப்படி ஒன்று இல்லை.
"நெலிதா, செத்துப்போக நினைக்கிறாயா?"

வெளியே ரொட்டி வேன் ஹார்ன் அடித்தது.
அடித்துக்கொண்டே இருந்தது.
அரைக் கிலோ என்று சொல்லும் அதே குரலில்
"ஆமாம்" என்றாள்.

வெள்ளம் வந்த வருடத்துக்குப் பிறகு
முதல்முறையாகப் பகலில் கதவைச் சாத்தினேன்.
அவள் கெட்டிலிலேயே தண்ணீர் வைத்தேன்.
மருத்துவமனைக்குப் போன் போட்டால்
பாட்டு, பாட்டு, ஒரே பாட்டு.
கடைசியில் ஒரு பெண்குரல் கேட்டது:
"இப்போது யாராவது கூட இருக்கிறார்களா?"
இருக்கிறேன் என்றேன்.
நெலிதாவுக்குக் கோபம்.
"ரொட்டி விற்காமல் என்ன பேச்சு?"
ஒரு வாய் உறிஞ்சிவிட்டு,
"இதென்ன, கழுநீர் மாதிரி" என்றாள்.
பிறகு அழுதாள். வெகு நேரம்.
நான் ஒன்றும் சொல்லவில்லை; எனக்கு ஒன்றும் தெரியாது.

இப்போது செவ்வாய்க்கிழமைகளில் நர்ஸ் வருகிறாள்.
குருவியைத் திருப்பிக் கேட்கக் கூச்சப்படுகிறாள் நெலிதா,
வேலியோரம் நின்று பார்த்துவிட்டு வருகிறாள்.
நோட்டில் அந்தப் பதினான்கு அப்படியே நிற்கிறது.
எப்போது தருவாய் என்று கேட்பாள்.
சில்லறை இல்லை என்பேன்.
சில நாள் சிரிக்கிறாள்.
சில நாள் பத்து மணி தாண்டியும் ஆளைக் காணோம்,
எப்ரனைக் கழற்றிப் போட்டுவிட்டு
நான்தான் போய்த் தட்ட வேண்டியிருக்கிறது.