செவ்வாய்க்கிழமைச் சீட்டுகள்

வியாழக்கிழமை, மாலை ஆறு முதல் பத்து வரை.
கவுண்டி நீதிமன்றத்தின் கீழ்த்தளம்.
ஐம்பத்தைந்து டாலர், ரொக்கமானால் சரியான சில்லறை.
பதினெட்டு வயதுக்குள் பிள்ளை இருந்தால்
இந்த வகுப்பை முடிக்காமல்
நீதிபதி கோப்பைத் திறக்கவே மாட்டார்.
புருஷனும் பெண்டாட்டியும் ஒரே நாளில் வரக் கூடாது.
கோரின் செவ்வாயை எடுத்துக்கொண்டாள்.
மிச்சம் இருந்தது எனக்கு.

பக்கத்து நாற்காலியில் வெர்லின்,
புரோபேன் லாரி ஓட்டுபவன்,
தொப்பியைக் கழற்றி முழங்காலில் மாட்டியிருந்தான்.
அதற்கடுத்து பல் மருத்துவமனைப் பெண்,
பேனாவைத் திறந்து மூடித் திறந்து மூடி.
காப்பி தீய்ந்திருந்தது. எல்லாரும் குடித்தோம்,
கைக்கு ஒரு வேலை வேண்டுமே.

நான் தானியக் கிடங்கில் எடை போடுபவன்.
லாரியைப் பாரத்தோடு நிறுப்பேன்,
கொட்டியபின் வெறும் வண்டியை நிறுப்பேன்,
கழித்தால் வருவது சோளம்.
அப்படித்தான் வருஷத்தையும் கழித்துப் பார்த்தேன்:
எனக்கு நூற்று நாற்பத்தோரு இரவு.
லீப் வருஷமானால் அந்த ஒரு நாள் யாருக்கு
என்று வக்கீலிடம் கேட்டேன்.
அந்தக் கேள்விக்கும் பில் வந்தது.

"பிள்ளையைத் தபால்காரராக்காதீர்கள்"
என்றார் வகுப்பெடுத்த மார்லிஸ் குசேரா.
போன வாரம்தான் ஏழு வயது ஒடெட்டிடம்
சொல்லி அனுப்பியிருந்தேன்:
பனிக்கால டயர் நாலும் அப்பாவுடையது, அம்மாவிடம் சொல்.
அன்றிரவு கோரினிடமிருந்து ஒரே வரி:
"உனக்குக் குளிருதா?"
குத்தல் என்று நினைத்துப் பதில் போடவில்லை.
பனி, அப்பா, டயர்.
பிள்ளை வழியில் எதைக் கொட்டி
எதைக் கொண்டு சேர்த்தாளோ.

வீடியோவில் ஒரு பையன்
இரண்டு பைகளோடு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான்.
நடிகன்தான், தெரியும்.
வெர்லின் கழிப்பறைக்குப் போய்
வீடியோ முடிந்தபின் வந்தான்.

எட்டேகாலுக்கு மஞ்சள் சீட்டு தந்தார்கள்.
மற்றவர் பிள்ளைக்கு நன்றாகச் செய்யும் ஒன்றை எழுதுங்கள்,
பெயர் வேண்டாம், சுவரில் ஒட்டுங்கள்.
செவ்வாய்க்கிழமைச் சீட்டுகள் இன்னும் சுவரில் இருந்தன.
படிக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.
"நீச்சல்."
"தாமதமாக வருவார், ஆனால் வருவார்."
"ஒன்றும் தோன்றவில்லை, மன்னிக்கவும்."
ஹீட்டர் பக்கம், ஓரம் சுருண்ட ஒன்று:
"அவர் பின்னும் சடை பத்து மணிக்குள் அவிழ்ந்துவிடும்.
சரிசெய்ய என்னை விட மாட்டாள்."
அந்த 'ஒய்' எழுத்தின் வால்
வளையாமல் நேரே இறங்கி நிற்கும்.
பதினோரு வருஷம்
மளிகைப் பட்டியலில் பார்த்த வால்.

என் சீட்டில் 'நல்ல சமையல்' என்றெழுதி அடித்தேன்.
அது எனக்குச் செய்தது.
பேனா வாங்கக் காத்திருந்தாள் பல் மருத்துவமனைப் பெண்,
அவளுடையது மை தீர்ந்துவிட்டதாம்.
கடைசியில் எழுதினேன்:
"பிள்ளை தப்பாகச் சொன்னாலும்
அவள் காதில் சரியாக விழும்."
அவள் சீட்டுக்குக் கீழே ஒட்டினேன்.
ஒட்டவில்லை, மறுபடி அழுத்தினேன்.
கோரின் இதைப் பார்க்கப் போவதில்லை.
ஆளுக்கு ஒரு வகுப்புதான்.

சான்றிதழில் என் பெயரில் ஓர் எழுத்து விடுபட்டிருந்தது.
திருத்தக் கேட்கவில்லை.

வெளியே வெர்லினின் வண்டி கிளம்ப மறுத்தது.
என் பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்தேன்.
பிளாட் நதிப் பக்கம் இருட்டில்
ஆயிரக்கணக்கில் கொக்குகளின் இரைச்சல்;
மார்ச் முழுக்க இப்படித்தான்.
"சாகும்வரை ஒரே ஜோடியாம் அதுங்க" என்றான்.
"யார் போய் எண்ணினது?" என்றேன்.
சிரித்தான். என்ஜின் இருமிப் பிடித்தது.
கையுறை இல்லாத என் கையைப் பார்த்து,
"குளிருதா?" என்றான்.

ஆமாம் என்றேன்,
ஒரு வாரம் தாமதமாக,
வேறு ஓர் ஆளிடம்.