ஏழாம் சிலிண்டர்

லோயாங் பட்டறையில்
ஹெட்டைக் கழற்றியதும் தெரிந்தது:
ஏழாம் சிலிண்டரின் சுவரில்
செங்காவிநிறத் துரு.
பதினோரு மணி நேரம்தான் ஓடியிருந்தது
நான் கட்டிய என்ஜின்.

குவெக் கேட்டார், ஏன் என்று.
பெட்ரோல் சரியில்லை என்றேன்.
ருஸ்லான் நிமிரவில்லை,
போல்ட்டுகளை மண்ணெண்ணெயில் அலசிக்கொண்டிருந்தான்.
சாங்கிக்கு இறங்கும் விமானம் ஒன்று
எங்கள் மூவருக்கும் சேர்த்து இரைந்துவிட்டுப் போனது.

கேம் ஷாஃப்டைத் தேர்ந்தெடுத்தவள் நான்.
உயர்ந்த குமிழ்கள், நீண்ட திறப்பு.
கட்டிப்போட்ட இடத்திலேயே
படகு உறும வேண்டும் என்று அவருக்கு ஆசை.
எனக்கு அதைவிட.
பக்கத்துப் படகுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.
'ஒரு பெண்ணா கட்டியது?' என்று ஒருவர் கேட்டதை
மாதக்கணக்கில் சட்டைப்பையில் வைத்துத் திரிந்தேன்.

அந்த உறுமலுக்குள்
இழுக்கும் வால்வும் விடும் வால்வும்
ஒரு கணம் சேர்ந்தே திறந்திருக்கும்.
அக்கணம் புகைக்குழாய் பின்னுக்கு மூச்சிழுக்கும்.
குழாயின் மறுமுனையில் இருப்பது கடல்.
பறந்தபோதெல்லாம் ஒன்றும் ஆகவில்லை.
மெதுவாகப் போ என்று பலகை வைத்த இடத்தில்
நின்று முனகியபோது
துளித்துளியாக ஏறியிருக்கிறது உப்பு.

பழைய கேமை எண்ணெய்த் துணியில் சுற்றி
என் கருவிப்பெட்டியின் அடித்தட்டில் வைத்திருந்தான் ருஸ்லான்.
ஸ்பானருக்குக் கைவிடும்போதெல்லாம்
விரலில் தட்டும்.

முப்பது தௌ அகட்டித் துளைத்தோம்.
புதுப் பிஸ்டன், புது வளையங்கள்.
ஒரு வளையம் மட்டும் இறுக்கம்.
அரத்தால் ஒரு இழுப்பு, அளவு பார்,
இன்னொரு இழுப்பு, பார்.
அகன்றுவிட்டால் ஒட்டவைக்க முடியாது.
இரவு ஒன்பதுக்குக் கோப்பி ஆறிக் கிடந்தது,
மேலே மெல்லிய இரும்புத்தூள்.

செவ்வாய்க்கிழமை இறக்கினோம்.
இரண்டு மணிக்கே மழை.
தார்ப்பாய்க்குக் கீழே சங்கிலியில் தொங்கியது என்ஜின்,
அதற்குக் கீழே வாய்திறந்த படகு.
பெயர் 'செகண்ட் இன்ஸ்டால்மென்ட்'.
குவெக்கின் மனைவி வைத்தது.
சிரிக்காமல் வைத்தாராம்.

அலைன்மென்ட் கம்பியில் கிரீஸ் தடவிச்
செலுத்தி உருவினால்
பற்களின் தடம் சுற்றிலும் ஒரே ஆழமாய் விழ வேண்டும்.
மேல்பக்கம் மட்டும் விழுந்தது.
முன் மவுண்டைக் கால் சுற்றுத் திருகினேன்.
இப்போது கீழ்ப்பக்கம்.
துடை, தடவு, செலுத்து.
எட்டாம் முறை
இரண்டு விரலுக்கே வழிவிட்டது கம்பி.

பிளக் வயர்களை மாட்டியபடி ருஸ்லான் முணுமுணுத்தான்:
சத்து, லாப்பான், எம்பாட், தீகா,
ஏனாம், லீமா,
தூஜோ.
ஏழில் கொஞ்சம் நின்று
டுவா.

உபின் பக்கம், மீன் கூண்டுகளைத் தாண்டி
கியரை விலக்கி நிறுத்தினோம்.
தையல் மெஷின் போல ஓடியது.
குவெக்கின் முகம் விழுந்தது.
'இவ்வளவுதானா சத்தம்?'

அந்தச் சத்தம்தான்
உங்கள் என்ஜினுக்குள் கடலை விட்டது, என்றேன்.
பெட்ரோலில் குறையே இல்லை.
கேமைத் தேர்ந்தெடுத்தவள் நான்.
பொய் சொன்னவளும்.

அவர் என்னைப் பார்க்கவில்லை.
திராட்டிலைத் தள்ளினார்.
முதல் பத்து மணி நேரம் முழுதாகத் தள்ளக்கூடாது
என்று சொல்ல வாயெடுத்தேன்.
பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.
மூக்கு தாழ்ந்து, படகு
நீரின் மேல் ஏறி உட்கார்ந்தது.
பில்லில் கூலி இருக்காது என்றேன்.
காற்று கேட்டதோ என்னவோ.

படகுத்துறையில் யாரும் சொல்லாமலே
கையுறை மாட்டிய ருஸ்லான்
ஏழாம் பிளக்கைக் கழற்றி
குவெக்கின் உள்ளங்கையில் வைத்தான்.
காய்ந்திருந்தது.
கோப்பியில் தோய்க்காத பிஸ்கட்டின் நிறம்.

சூடு பொறுக்காமல்
இடக்கைக்கு மாற்றினார், வலக்கைக்கு மாற்றினார்.
கீழே போடவில்லை.