மூன்று மாதக் கணக்கு

ஃபர்வானியாவில், ஆறாம் மாடிக் குளியலறையில்
ஜெபக்கனி முடி எண்ணுகிறாள்.
சல்லடையில் நூற்றுத் தொண்ணூறு, சீப்பில் முப்பது.
டிஷ்யூவில் மடித்து என்னிடம் நீட்டுகிறாள்,
ஆய்வகத்தில் நுண்ணோக்கி பார்ப்பவள் நான் என்பதால்.

"கடல்தண்ணி. உப்ப எடுத்துட்டு
வேற என்னத்தையோ போட்டுர்றாங்க."
இந்த ஊரில் எல்லோரும் சொல்வதுதான்.
சலூன் கண்ணாடிமுன் உச்சி தடவும் டிரைவர்கள்,
இருபது லிட்டர் கேன் வாங்கித் தலைக்கு ஊற்றும்
எங்கள் மூன்றாம் கட்டில் ரெஜினா.

நான் வேறு கதை சொன்னேன்.

கருவுக்கு மூன்று மாதம் தாண்டும்போது
தோல் வெறும் எண்ணெய்த்தாள்.
அதில் ஒரு சொல் எழுகிறது. புரதம்தான்.
விண்ட் என்று பெயர். தமிழாக எடுத்துக்கொண்டால்
விண்டது, சொன்னது.
மேல்தோலில் சில செல்கள் கேட்டுக்கொள்கின்றன,
நெருங்கி நின்று தடிக்கின்றன.
தடித்தவுடன் முதல் வேலை
பக்கத்திலிருப்பவரிடம் 'இங்கே இடமில்லை' என்பது.

சிரித்தாள். எங்கள் அறையில்
நான்கு கட்டில், ஐந்து பேர்.

இடம் பிடித்தபின் கீழே இறங்க வேண்டும்.
இறங்கச் சொல்வது
முள்ளெலியின் பெயர் சூட்டிய ஒரு மரபணு,
யாருக்கு வந்த குறும்போ.
அடியில் காத்திருக்கும் சிறு கூட்டத்தைப்
பொத்திக்கொண்டு வேர் குமிழாகிறது.
இனி உத்தரவு கீழிருந்து, வளர்ச்சி மேல்நோக்கி.
பிறக்கும் முன்பே குழிகள் எல்லாம் தோண்டியாயிற்று.
இருக்கிற குழியில்தான் முளைப்பதும் போவதும்.

"போறதுன்னா?"

சில வருஷம் வேலை.
இரண்டு மூன்று வாரம் மூட்டை கட்டுதல்.
மூன்று மாதம் ஓய்வு, அப்புறம் உதிர்வு,
அதே குழியில் அடுத்தது.
பெரிய அடி ஏதாவது விழுந்தால்
வேலையிலிருக்கும் முடியெல்லாம் ஒன்றாக ஓயும்,
ஒன்றாகக் கொட்டும். அன்றைக்கே இல்லை,
மூன்று மாதம் கழித்து.
தண்ணீருக்கு இதில் பங்கில்லை ஜெபா.

விரல் மடக்கினாள்.
ஜூலை. ஜூன்.
மேயில் விரல் நின்றது.

கேட்டிருக்கலாம்.
மே முழுக்க அவள் இரவு ஷிப்ட் கேட்டு வாங்கியது
எனக்குத் தெரியும். ஏனென்று தெரியாது.

பச்சைத்தண்ணிக் குழாயைத் திறந்தாள்.
மொட்டைமாடித் தொட்டியில் பகலெல்லாம் வெந்தது,
கண்ணாடியை மறைத்தது ஆவி.
"தண்ணிதான்" என்றாள், கண்ணாடியைப் பார்த்து.

டிஷ்யூவைப் பிரித்தேன்.
ஒவ்வொரு முடியின் அடியிலும்
வெள்ளையாய் ஒரு குண்டு, எரியாத தீக்குச்சித் தலைபோல.
நுண்ணோக்கியே வேண்டாம்.

"ஆமா, தண்ணிதான்" என்றேன்.