கழித்தல் பதினொன்று

நூற்றுப் பதின்மூன்று பேர் ஒப்புக்கொண்டார்கள்.
பலர் 'சரி' என்று ஒற்றைச் சொல்,
சிலர் கட்டைவிரல் படம்.
ரீகாவிலிருந்து ஒருவர் மூன்று பக்கத்துக்குத் திட்டி எழுதி
கடைசி வரியில், 'இருந்தாலும் சரி.'

உரிமத்தை மாற்ற எல்லோரும் வேண்டும்,
ஒரு வரி எழுதியவரும் ஓராயிரம் எழுதியவரும்.
எங்கள் நிரலுக்குச் சொந்தக்காரர் என்று ஒருவர் இல்லை.
எழுதியவரெல்லாம் எழுதிய மட்டுக்குச் சொந்தக்காரர்.
பதினாறு வருடம் அப்படியே விட்டுவைத்தோம்,
அதைப் பெருந்தன்மை என்று சொல்லிக்கொண்டோம்.
உண்மையில் சோம்பல்.

மீதி ஒருவர், ஒட்வார் நெர்கோர்.
போன மார்ச்சில் இறந்துபோனார்.
செத்தவரால் 'சரி' சொல்ல முடியாது;
செத்தவரின் உரிமை மட்டும்
இன்னும் எழுபது வருடம் உயிரோடிருக்கும்.

வர்டோ.
வரைபடத்தில் நார்வே தீர்ந்துபோகிற இடம்.
டிசம்பரில் நண்பகலுக்கும் தெருவிளக்கு.
அவர் தங்கை போர்கில்ட்
நண்டு ஆலையில் ஷிஃப்ட் முடித்து வந்து
ரப்பர் பூட்ஸைக் கழற்றாமல்
வாசலில் நின்றபடியே காகிதத்தைப் படித்தார்.

"இதற்கு அவனுக்கு என்ன கொடுத்தீர்கள்?"
ஒன்றுமில்லை.
"இப்போது எனக்கு?"
ஒன்றுமில்லை.
"அப்படியானால் எதற்குத்தான் நான் வாரிசு?"
இருநூற்றுப் பன்னிரண்டு வரிகளுக்கு என்றேன்.
"காட்டு."

சமையல் மேசையில் மடிக்கணினியைத் திறந்தேன்.
எந்த வரி யார் எழுதியது என்று காட்ட
ஒரு கட்டளை உண்டு, அதன் பெயர் பழி.
யாரோ கோபத்தில் வைத்த பெயராக இருக்கும்.
பழி என்று தட்டினேன்.
ஒட்வார் ஒட்வார் ஒட்வார் என்று
இடது ஓரம் நெடுக இறங்கியது.

கடல் ஏறி இறங்குவதைக் கணிக்கும் நிரல் அது.
நிலவை, சூரியனை, விரிகுடாவின் வளைவை விசாரித்து
எந்தத் துறைமுகத்தில் எப்போது நீர் உயரும் என்று சொல்லும்.
வர்டோவுக்கு மட்டும் ஒரு திருத்தம்:
கழித்தல் பதினொரு நிமிடம்.
பக்கத்தில் அவர் குறிப்பு,
'ஏனென்று கேட்காதீர்கள். துறைமுகம் அப்படிச் சொல்கிறது.'

அதுவரை உட்காராத போர்கில்ட் உட்கார்ந்தார்.
"துறைமுகம் சொல்லவில்லை. நான் சொன்னேன்.
இரண்டு குளிர்காலம்
படிக்கட்டில் பெயின்ட் கோட்டின்மேல் டார்ச் அடித்து நின்றவள் நான்.
தண்ணீர் தொட்டதும் 'இப்போ!' என்று கத்துவேன்.
அவன் காருக்குள் ஹீட்டர் போட்டுக்கொண்டு
குறித்துக்கொள்வான்."

சட்டம் படித்தவள் இங்கே ஒன்று சொல்லியிருக்க வேண்டும்.
சொல்லவில்லை.
அளந்ததற்கு உரிமை கிடையாது.
பதினொன்று என்பது தகவல், தகவலுக்குச் சொந்தக்காரர் இல்லை.
பனியில் நின்றது யாருடைய படைப்பும் அல்ல,
காருக்குள் தட்டச்சியதே படைப்பு.

பேனாவை நீட்டினேன். வாங்கவில்லை.
"என் பெயர் எங்கே?"

ஆசிரியர்கள் என்ற கோப்பைத் திறந்தேன்,
ஆளுக்கொரு வரி.
ஒட்வாருக்குக் கீழே ஒரு வரியைக் காலியாக்கி
கணினியை அவர் பக்கம் திருப்பினேன்.
ஆலையின் வாசம் போகாத ஒற்றை விரலால்
ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினார்.
ஓர் எழுத்து தப்பு. அழித்தார். மறுபடி.
நான் பார்த்துக்கொண்டிருந்தேன்,
உதவலாமா என்றுகூடக் கேட்கவில்லை.

சேமித்து அனுப்பினேன்.
பிறகு காகிதத்தில் கையெழுத்துப் போட்டார்,
அண்ணனுக்காக.

கப்பலில் திரும்பும்போதுதான் உறைத்தது.
பட்டியலில் இப்போது நூற்றுப் பதினைந்து பேர்.
புதியவரிடமும் ஒப்புதல் கேட்பதுதான் முறை,
அந்த ஒரு வரிக்கு.

கேட்டு எழுதியிருக்கிறேன்.
ஒன்பது நாளாகிறது.
சரி என்பார் என்றுதான் நினைக்கிறேன்.
சொல்லாவிட்டாலும் சரி.