ஆறாவது அடுப்பு

சுராமி வளைவில் பதினெட்டு அடுப்புகள்.
பதினெட்டிலும் அதே நசூக்கி ரொட்டி:
உலர்திராட்சை, பட்டை, கிராம்பு,
முட்டை பூசிப் பழுப்பேறிய முதுகு.
விலையும் ஒன்றே.

"புத்தி இருக்கிறதா உங்களுக்கு?
ரெண்டு கிலோமீட்டர் தள்ளிப் போ குலிக்கோ,
அங்கே நீ ஒருத்திதான்" என்றான்
என் மைத்துனன் அன்சோர்.

ஒருத்தியாக இருந்தேன்,
மே மாதம் முழுக்க.
நேர்ச்சாலை, வால்நட் மர நிழல்,
கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் யாருமில்லை.
திபிலீசியிலிருந்து கடலுக்குப் போகும் கார்கள்
என்னைப் பார்த்தன.
பார்த்ததை மூளை காலுக்குச் சொல்வதற்குள்
போய்விட்டன.
மிஞ்சியதை அன்சோரின் பன்றிக்குப் போட்டேன்.
பன்றி கொழுத்தது.

ஜூனில் திரும்பி வந்தேன்.
லமாரா ஒன்றும் கேட்கவில்லை.
தன் மேசையை ஒரு சாண் நகர்த்தினாள்,
ஒரு சாண் மட்டும்.

விற்காத நேரத்தில் கார்களைப் படித்தேன்.
முதல் கடையில் கண் திரும்பும்.
இரண்டாவதில் பின்சீட்டுக் குழந்தை கத்தும்.
அப்புறம் மனைவி ஏதோ சொல்வாள்,
அவன் ஏதோ மறுப்பான்,
ஐந்தாவதைத் தாண்டும்போது சிவப்பு விளக்கு எரியும்,
ஆறாவதில் வண்டி நிற்கும்.
ஆக, முதல் கடைச் சியாலா
காலையிலிருந்து கையசைப்பது
ஆறாவது கடைக்காக.

சியாலாவுக்குத் தெரியாதா?
படூமியிலிருந்து திரும்புகிறவர்களுக்கு
அவள்தான் கடைசி.
பதினேழு கடை தயங்கியவன்
இனி இல்லை என்று பயந்து
அவளிடம் மூன்றாக வாங்குவான்.
அவள் அந்த இடத்தை யாருக்கும் தரமாட்டாள்.

மற்றவர்கள் எல்லோருக்கும் ஆறாவதன்மேல் கண்.
இரவில் மேசைகள் நடக்கும்.
காலையில் யாரும் யாரையும் பார்க்காமல்
மாவு பிசைவோம்.
ஆகஸ்டில் எனக்கும் லமாராவுக்கும் நடுவே
ஒரு முழங்கைதான் இடைவெளி.
அவள் தும்மினால்
என் ரொட்டி மூடிக்கொள்ளும்.

ஒரு வியாழன் அவள் வரவில்லை.
கடைவாய்ப் பல்.
அவள் பங்கும் எனக்கே என்று
நாற்பது கூடுதலாகச் சுட்டேன்.
வந்த வண்டிகள்
அந்தப் பொக்கை இடத்தைப் பார்த்ததும்
வரிசை முடிந்தது என்று நினைத்தன போலும்,
வேகமெடுத்தன.
நான் வரிசை முடிந்த பிறகு நிற்கிறவள்.
வால்நட் மரத்தடியில் நின்ற
அதே குலிக்கோ.

இருட்டியதும் அவள் வீட்டுக் கதவைத் தட்டினேன்.
மாவுக்கு வைத்திருந்த கிராம்பில் நாலு
தாளில் மடித்துக் கொடுத்தேன்.
"பல்லில் வைத்துக் கடி.
நாளைக்கு வந்துவிடு."

வீங்கிய கன்னத்தோடு
என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"எத்தனை மிஞ்சியது?" என்றாள்.

ஐம்பத்தொன்று என்று நான் சொல்லவில்லை.
பன்றியின் உறுமல்
அங்கேவரை கேட்டிருக்கும்.