அரைக் கோடு

ஆகஸ்டில் பொத்தோசி மலை விடியும்போதே பனி.
கொட்டகைத் தகரத்தில் அது கரையத் தொடங்குவது
நான் கம்ப்ரசரை முடுக்கிய பிறகுதான்.

காற்றை அமுக்கினால் சூடேறும்.
சிலிண்டரை விட்டு வெளிவரும் குழாயில்
எச்சில் விரலை வைத்தால் சுரீரென்னும்.
அதன்மேல் என் கையுறை, என் உருளைக்கிழங்கு,
சில நாள் என் முதுகு.
சூட்டை நான் எடுத்துக்கொள்கிறேன்.
காற்று மலைக்குள் இறங்குகிறது,
ஆறு பார் அழுத்தத்தில்,
பதினான்கு துளைப்பான்களுக்கு.

கீழே நான் போனதில்லை.
நாற்பது டிகிரி என்கிறார்கள்.
காலையில் கொண்டுபோகும் தண்ணீர்
மதியத்துக்குள் வெந்நீராம்.
எனக்குத் தெரிந்ததெல்லாம் இந்த ஊசி.

பன்னிரண்டு மணிக்கு
கோக்கா இலையை அடக்கிக்கொண்டு
எல்லோரும் உட்காருவார்கள்.
பதினான்கு இயந்திரமும் வாய் மூடும்.
ஊசி ஏறி நிற்க வேண்டும்.
நிற்கும்.
பிறகு அரைக் கோடு இறங்கும்.

யாரோ ஒருவன்
கம்பி மாட்டாத துளைப்பானை
வெறுமனே ஓடவிடுகிறான்.

கசிவு என்று எழுதச் சொன்னார் அனாக்லேத்தோ.
கசிவு பன்னிரண்டே காலுக்கு வந்து
பன்னிரண்டரைக்குப் போகாது.
அதோடு,
சும்மா கசிந்து போகும் காற்று
அவ்வளவாகக் குளிர்வதும் இல்லை.
பிஸ்டனைத் தள்ளி, உழைத்து,
கையிலிருந்ததைக் கொடுத்துவிட்டு வரும் காற்றுதான்
போக்குவாயில் பனி கட்டும்.
அந்த வாயில்
தண்ணீர்க் கேனைக் கட்டியிருப்பான்.

டீசல் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
இரண்டு ரொட்டி வரும்.
‘இணைப்பில் வாஷர் தேய்மானம்’ என்று எழுதினேன்.
மூன்று மாதமாக அந்த வாஷர் தேய்கிறது.

சனிக்கிழமை சம்பளத்துக்கு வரிசை.
பதினான்கு பேரும் ஒரே புழுதி நிறம்.
ஒருவனுக்கு மட்டும்
இடது உள்ளங்கையில் தோல் வெளுத்து உரிந்திருந்தது.
தீக்காயமா என்றேன்.
‘குளிர்’ என்றான்,
சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

கதவுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.
‘இவ்வளவு கிடக்கிறதே,
ஒரு வாளி அள்ளிக்கொண்டு போயேன்.’
‘இரண்டாவது ஏணியைத் தாண்டாது, செனோபியா.’
பெயர் கேட்கவில்லை.
கேட்டால் ஏட்டில் எழுத வேண்டியிருக்கும்.

திங்கட்கிழமை, பன்னிரண்டே கால்.
ஊசி அரைக் கோடு இறங்கியது.
நான் கிழங்கைத்
திருப்பி வைத்தேன்.