எடைக்கான கட்டம்

மரைகே,
சுங்கப் படிவம் வந்து சேர்ந்தது.
பொருள் என்ற இடத்தில் உப்பு என்று எழுதிவிட்டேன்.
எடை என்ற கட்டத்தில்தான்
மூன்று நாளாகப் பேனா நிற்கிறது.

அந்தக் கோடையில் எங்கள் குழாயில் கடல் வந்தது.
ஆறு மெலிந்துவிட, வளைகுடா மேலேறி
ஷத் அல் அரப் வழியாகச்
சமையலறைவரை நடந்து வந்தது.
தேநீர் கரித்தது. தலைமுடி விறைத்தது.
குளித்தவர்கள்
குளிக்காதவர்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டார்கள்.
ஆஸ்பத்திரி வராந்தாவில் என் தங்கை மகனுக்கு
சலைன் ஏற்றிய நர்ஸ் சொன்னாள்:
உப்பால் விழுந்தவனுக்கு உப்புத்தண்ணீரே மருந்து.
சிரிக்கத்தான் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை.

அதன்பிறகுதான் கெட்டில்களைச் சுரண்டத் தொடங்கினேன்.
குழாய் வேலை பார்க்கும் அகீல்
பழைய வால்வுகளைச் சாக்கில் கொண்டுவந்து கொட்டுவார்,
"உங்கள் பைத்தியத்துக்கு" என்று என் அம்மாவிடம் சொல்லி.
கார் கழுவும் கடை.
பள்ளிக்கூடத் தண்ணீர்த் தொட்டி.
மய்யித்தைக் குளிப்பாட்டும் இடத்துக் குழாய்மூடி.
எல்லாம் சேர்ந்து அறுபத்திரண்டு கிலோ,
மீன்கடைத் தராசில் எடை பார்த்தது.

அஷாரில், பேரீச்சம்பழம் அடைத்துவைத்த
பழைய கிடங்கு ஒன்றின் தரையில்
சல்லடையால் பஸ்ராவை வரைந்தேன்.
பதினேழு இரவு, முட்டிபோட்டு,
ஜெனரேட்டர் ஓடுகிற மணிகளில் மட்டும்.
வீடுகள் வெள்ளை. வாய்க்கால்கள் வெறுந்தரை.

"மிக அழகு. ஆனால் இதில் பெண் எங்கே?" என்று
நீ மின்னஞ்சலில் கேட்டிருந்தாய்.
என் முட்டியைப் படம் பிடித்து அனுப்ப நினைத்தேன்.
அனுப்பவில்லை.
நீ எதைத் தேடுகிறாய் என்று தெரியும்.
முக்காடு போடுகிறவள்தான் நான். அது ஒரு துணி, மரைகே.
வேலை நேரத்தில் பின்னால் இழுத்து முடிந்துகொள்வேன்.

திறப்பு நாளில் அதிகாரிகள் வந்து
படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.
அவர்களுக்குப் பின்னால் ஒரு டாக்ஸிக்காரர்.
வெகுநேரம் குனிந்து பார்த்துவிட்டு
"இந்தச் சந்து இங்கே திரும்பாது" என்றார்.
செருப்பைக் கழற்றினார்.
ஒற்றை விரலால் சந்தை நகர்த்தினார்.
நான் தடுத்திருக்க வேண்டும்;
தடுக்கவில்லை என்பதைப் பார்த்து
வரிசையாக ஆட்கள் குனிந்தார்கள்.
மூடிப்போன சினிமாக் கொட்டகைக்கு
இருவர் சண்டை போட்டார்கள்.

தன்னூமாவிலிருந்து வந்த உம்மு கரார்
சுற்றிச் சுற்றி நடந்து என்னிடம் வந்தாள்.
"ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஊர் இல்லையா?"

உப்பு ஆற்றங்கரையோடு தீர்ந்துவிட்டது என்றேன்.
உண்மைதான்.
ஆனாலும் காது சுட்டது.

மறுநாள் அவள் பால்பவுடர் டப்பா நிறைய
ஏர்கூலர் பட்டையிலிருந்து சுரண்டியதைக் கொண்டுவந்தாள்,
கூடவே ஐந்து பெண்கள், ஆளுக்கொரு பொட்டலம்.
மாலைக்குள் தன்னூமா எழும்பிவிட்டது.
அளவுகோல் ஒன்றும் கிடையாது.
உம்மு கராரின் வீடு மசூதியைவிடப் பெரிது.
நான் கைவைக்கவில்லை.

உப்பு விற்கப் போனவளுக்கு மழைதானே வரவேண்டும்?
எனக்குக் காற்று வந்தது.
நான்காம் நாள் தெற்கிலிருந்து ஷர்ஜி,
ஈரத் துணிபோல் முகத்தில் ஒட்டுகிற காற்று.
சுவர்கள் வியர்த்தன. வீடுகள் சாம்பல் நிறமாயின.
கூரைகள் கசிந்து
நான் வெறுமையாய் விட்ட வாய்க்கால்களில்
தண்ணீர் நின்றது.
யாரோ குழந்தை அதில் காகிதம் ஒன்றை மிதக்கவிட்டது.
விளக்கை அணைக்கச் சொல்லி
உட்கார்ந்திருந்தேன்.

பிறகு ஈச்சந் துடைப்பத்தால் கூட்டி
சாக்குகளில் கட்டினோம்.
அதே மீன்கடை, அதே தராசு:
எழுபத்தொன்பது கிலோ.
உம்மு கரார் கூட்டத்தின் ஆறு கிலோ கணக்கில் இருக்கிறது.
மற்றது காற்றா, கால்தூசியா,
குனிந்தவர்களின் வியர்வையா, எனக்குத் தெரியாது.
உன் ஊரில் அறைக்கு ஹீட்டர் போடுவீர்களாமே.
திறக்கும்போது எடை குறைந்திருந்தால்
யார்மேலும் சந்தேகப்படாதே.

கட்டத்தில் இரண்டு எண்ணும் எழுதினால் ஒத்துக்கொள்வார்களா?
கேட்டுச் சொல்.

பச்சைக் கயிறு கட்டிய சாக்கு தன்னூமா. கலந்துவிடாதே.
அந்த டப்பாவை மட்டும் அனுப்பவில்லை.
திருப்பிக் கேட்டு ஆள் அனுப்பிவிட்டாள்.

இப்திஹால்